வலிக்குதுன்னு சொன்னா டீம்ல இடம் போயிடுமா? விளையாட்டுக் காயங்களும் நாம் கைதட்டும் ‘வீரமும்’

2021 ஜனவரி 11. சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாள். ஒரு முனையில் ஹனுமா விஹாரி, தொடையின் பின்தசை கிழிந்துபோய் நொண்டியபடி நிற்கிறார். மறுமுனையில் நம்ம மேற்கு மாம்பலம் ரவிச்சந்திரன் அஸ்வின். முந்தைய இரவு முதுகுவலியில் நிமிர்ந்து நிற்கவே முடியாமல் தவித்தவர். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் 40 ஓவர்களுக்கும் மேல் தாக்குப்பிடித்து மேட்ச்சை டிரா செய்தார்கள். அன்று சாயங்காலம் தி.நகர் டீக்கடை முதல் மயிலாப்பூர் மாடவீதி வரை வேற பேச்சே இல்லை.

கொண்டாட வேண்டிய ஆட்டம்தான், மறுப்பில்லை. ஆனால் அந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நாலே நாளில் பிரிஸ்பேனில் அடுத்த டெஸ்ட். அஸ்வினும் இல்லை, விஹாரியும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரும், சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள்.

நடராஜனின் அந்த ஆறேழு மாதங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. 2020 செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை அமீரகத்தில் ஐபிஎல். அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா, அதுவும் நெட் பவுலராக. அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகம். திரும்பி வந்ததும் மார்ச்சில் இங்கிலாந்து தொடர். ஏப்ரலில் மறுபடி ஐபிஎல், சேப்பாக்கத்திலேயே இரண்டு மேட்ச். அந்த மாதம் முடிவதற்குள் முழங்கால் அறுவை சிகிச்சை. இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. வாராது வந்த வாய்ப்பை எந்த வீரர்தான் வேண்டாம் என்பார்? சிக்கலின் வேரே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

காயத்தைத் தடுப்பது பற்றி எழுதும் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே பட்டியலைத்தான் தரும்: வார்ம்-அப் பண்ணுங்க, தண்ணி குடிங்க, நல்ல ஷூ போடுங்க. எல்லாம் சரிதான். இது தெரியாத விளையாட்டு வீரர் இன்று யாரும் இல்லை. தெரிஞ்சும் ஏன் செய்வதில்லை என்பதுதான் கேட்க வேண்டியது.

சொல்லாமல் விட்ட வலி

அஸ்வின் சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்தவர். பதின்ம வயதில் இடுப்புப் பகுதியில் பட்ட காயம் அவரை மாதக்கணக்கில் உட்காரவைத்தது. பேட்ஸ்மேனாக இருந்தவர் ஆஃப் ஸ்பின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். இதை ‘காயத்தால் கிடைத்த வரம்’ என்று ரசித்துச் சொல்வார்கள். 2018-ல் நடந்தது அவ்வளவு ரசிக்கத்தக்கது இல்லை.

அந்த வருஷம் இங்கிலாந்துத் தொடரின் நாலாவது டெஸ்ட், சவுத்தாம்ப்டன். முந்தைய மேட்ச்சிலேயே இடுப்புப் பகுதியில் பிடித்துக்கொண்ட அஸ்வின், உடல் தகுதியோடு இருப்பதாக அறிவிக்கப்பட்டு களமிறங்கினார். சுழலுக்கு உதவிய அந்த பிட்ச்சில் மொயின் அலி 9 விக்கெட் எடுத்தார், அஸ்வின் 3. இந்தியா 60 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்ட்டில் அவர் ஆடவில்லை. டிசம்பரில் அடிலெய்ட். ஒரே டெஸ்ட்டில் 86.5 ஓவர் வீசினார், 6 விக்கெட், இந்தியா வெற்றி. வயிற்றுத் தசையில் காயம், மீதி மூன்று டெஸ்ட்டும் போச்சு. ‘வெளிநாட்டில் அஸ்வின் சரிப்பட மாட்டார்’ என்ற பேச்சு கிளம்பியதும் அந்த நாட்களில்தான்.

2018-க்கும் 2020-க்கும் இடையில் பலமுறை ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக, 2021 இறுதியில் கொடுத்த ஒரு பேட்டியில் அவரே சொன்னார். ஆறு பந்து போட்டாலே மூச்சு வாங்கியதையும், உடம்பெல்லாம் வலித்ததையும், தன் காயங்களைச் சுற்றியிருந்தவர்கள் போதுமான அளவு புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றியதையும் அப்போது பகிர்ந்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட் என்று முடித்த ஒரு ஜாம்பவானுக்கே அந்த நிலைமை. நுங்கம்பாக்கம் அகாடமியில் அடுத்த வாரம் செலக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் 14 வயசுப் பையன் ‘சார், முதுகு வலிக்குது’ என்று வாயைத் திறப்பானா?

திறக்க மாட்டான். ஏன் என்று அவனிடம் கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்வான். சொன்னால் இரண்டு வாரம் உட்காரணும். அந்த இரண்டு வாரத்தில் இன்னொருத்தன் நல்லா போட்டுட்டா இடம் காலி. பிளஸ் டூ வருஷம் என்றால் இன்னும் மோசம். மாவட்ட, மாநில அளவுச் சான்றிதழ் இருந்தால் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று வீடே காத்திருக்கும். அந்தச் சூழலில் வலியை மறைப்பது முட்டாள்தனம் இல்லை, அவன் பார்வையில் அதுதான் புத்திசாலித்தனம். நடத்தையை மாற்று என்று அவனுக்கு மட்டும் பாடம் எடுத்து என்ன பிரயோஜனம்?

சேப்பாக்கத்தின் பிரபலமான டிரிப்ஸ் பாட்டில்

வலியைத் தாங்குவதே வீரம் என்ற கதைக்குச் சென்னையும் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், பின்னாளில் ‘டை’யில் முடிந்த அதே டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 210 அடித்தார். மெட்ராஸ் வெயிலில் உடம்பில் நீர் வற்றி, ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். வெளியே போயிடறேன் என்றபோது, கேப்டன் ஆலன் பார்டர், அப்படியென்றால் தெம்பான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை அனுப்பச் சொல்கிறேன் என்று சீண்டினாராம். ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். அவுட் ஆன பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

கிரிக்கெட் உலகம் இதை இன்றும் சிலிர்ப்போடு சொல்கிறது. மருத்துவர் பார்வையில் பார்த்தால், அது உயிருக்கே உலை வைத்திருக்கக்கூடிய வெப்ப பாதிப்பு. சென்னையின் பிரச்சினை வெயில் மட்டும் இல்லை, புழுக்கம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வேர்வை ஆவியாகாது, வெறுமனே ஒழுகும், உடம்பு குளிராது. தலைசுற்றல், குமட்டல், குளறும் பேச்சு எல்லாம் ‘தெம்பு இல்லாததன்’ அடையாளம் அல்ல. ஆட்டத்தை அந்த நிமிஷமே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டியதன் அடையாளம்.

பதினாலு வயசு முதுகெலும்பு

கிரிக்கெட்டில் சின்ன வயசிலேயே ஆளைச் சாய்க்கும் காயம் ஒன்று உண்டு, வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகில் வரும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். கீழே விழுந்து உடைவது இல்லை இது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கீறல் விடுமே, அந்த மாதிரி. பந்தை விடும் நேரத்தில் முன்காலைத் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. பதின்ம வயதில் எலும்பு இன்னும் முழுசாக முற்றியிருக்காது. ஓய்வு கிடைத்தால் நுண்கீறலை உடம்பே ஆற்றிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் கீறல் பிளவாகும். வலி தெரிய ஆரம்பிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இதைச் சென்னைக்குச் சொல்லிக்கொடுத்தவரே இதில் அடிபட்டவர்தான். டென்னிஸ் லில்லி, 1973 மேற்கிந்தியத் தீவுப் பயணத்தில் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆகி உட்கார்ந்தார். உடம்பை வலுப்படுத்தி, பந்துவீசும் முறையையே திருத்தி 1974-75 ஆஷஸுக்குத் திரும்பினார். 1987-ல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சி அவர் கையில். இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்க்கும் ‘மிக்ஸ்டு ஆக்‌ஷன்’ முதுகைத் தின்றுவிடும் என்பது கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக இந்த ஊர் கோச்சுகளுக்குத் தெரிந்த செய்தி. சென்னையின் லட்சுமிபதி பாலாஜி, 2004 பாகிஸ்தான் பயணத்தின் நாயகன், முதுகு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரால் ஆண்டுக்கணக்கில் இழந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக் எடுத்தார் என்பது தனிக்கதை.

ஆக, அறிவு இருக்கிறது. எண்ணிக்கைதான் இல்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த வரம்பு இது: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக்கூடாது, வாரத்தில் நாலு நாளுக்கு மேல் கூடாது. நெட் பயிற்சிக்கும் தனி வரம்பு உண்டு.

இதை நம்ம ஊர்ப் பையனின் வாரத்தோடு வைத்துப் பாருங்க. காலையில் அகாடமி நெட்ஸ். சாயங்காலம் ஸ்கூல் டீம். சனிக்கிழமை லீக் மேட்ச். ஞாயிறு சோமசுந்தரம் கிரவுண்டில் ஃபிரெண்ட்ஸோட டென்னிஸ் பால். அகாடமி கோச்சுக்கு ஸ்கூலில் போட்ட ஓவர் தெரியாது, ஸ்கூல் பி.டி. சாருக்கு லீக் பற்றித் தெரியாது, அப்பா அம்மாவுக்கு விக்கெட் எண்ணிக்கைதான் தெரியும். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு நியாயமாகத்தான் நடக்கிறார்கள். கூட்டிப் பார்க்க ஒருத்தரும் இல்லை. ஐம்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி, போட்ட பந்து, வலி இருந்ததா என்று மூணு காலம் கோடு போட்டு எழுதினால் தீரும் குறை இது.

உதவும்னு தெரியும், ஆனா செய்ய மாட்டோம்

கால்பந்தில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ‘ஃபிஃபா 11+’ என்று ஒரு வார்ம்-அப். ஓட்டம், தசை வலு, சமநிலை, குதித்து இறங்கும் முறை என்று 15 பயிற்சிகள், 20 நிமிஷம், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்து வீராங்கனைகளை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து, 2008-ல் ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த வார்ம்-அப் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதி. பிறகு அதே தரவுகளைத் தோண்டியபோது இன்னொன்று தெரிந்தது. அடிக்கடி, ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். பேருக்குச் செய்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

சரி, பணமும் டாக்டரும் குவிந்து கிடக்கும் இடத்திலாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? ‘நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங்’ என்று ஒரு பயிற்சி. முட்டி போட்டு நிற்கணும், ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்கணும், உடம்பை மெதுவா முன்னால் சாய்க்கணும், அவ்வளவுதான். தொடைப் பின்தசைக் காயத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாம்பியன்ஸ் லீக் கிளப்புகள், நார்வே முதல்நிலை கிளப்புகள் என 50 அணிகளிடம் கேட்டு 2015-ல் வெளியான ஆய்வில், அதை முழுமையாகப் பின்பற்றியது சுமார் பத்தில் ஒரு பங்குதான். கோடிகள் புரளும் இடத்திலேயே இந்த லட்சணம். அப்புறம் அடையாறு டர்ஃப்பை எப்படிக் குறை சொல்வது?

ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். ராத்திரி ஒன்பது மணி ஸ்லாட். ஓஎம்ஆர் ஆபீஸில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் மாட்டி, பைக்கை நிறுத்தியதும் நேராக கிக்-ஆஃப். ஒரு மணி நேர வாடகையில் பத்து நிமிஷம் வார்ம்-அப்புக்குப் போனால் காசு வேஸ்ட் என்ற எண்ணம். காலில் ரோட்டில் ஓடும் ரன்னிங் ஷூ. திடீர்னு திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல், கிழியும்போது பலரும் விவரிக்கும் சத்தம் அது.

ஏசிஎல் பெண்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. ஒரே விளையாட்டில் ஆண்களைவிட அவர்களுக்கு இந்தக் காயம் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது என்பது பல ஆய்வுகளில் கண்டது. உடலமைப்பு ஒரு காரணம். பெண் பிள்ளைகளுக்கு எடைப் பயிற்சியும் முறையான கோச்சிங்கும் தாமதமாகக் கிடைப்பது, அல்லது கிடைக்காமலே போவது, இன்னொரு காரணம். மெரினா எதிரே ராணி மேரிக் கல்லூரியில் படித்த 17 வயது கால்பந்து வீராங்கனையை இந்த ஊர் மறந்திருக்காது. முழங்கால் தசைநார்க் காயத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, 2022 நவம்பர் 15 அன்று உயிரிழந்தார். மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அங்கே தவறியது அந்தப் பெண்ணின் நடத்தை அல்ல, சிகிச்சை. ‘வீரர்கள் கவனமா இருக்கணும்’ என்று யாராவது சுலபமாகச் சொல்லும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூணு பால்தானே...

வீரரின் நடத்தை மட்டுமே விதியை எழுதிய தருணங்களும் உண்டு. 1998 பிப்ரவரி, டாக்கா. முன்னாள் இந்திய வீரர் ராமன் லம்பா ஷார்ட் லெக்கில் போய் நின்றார். ஓவரில் மூணு பந்து பாக்கி. ஹெல்மெட் வேணுமா என்று கேட்டதற்கு, மூணு பந்துக்கு எதுக்கு என்றாராம். பந்து தலையில் பட்டது. சில நாட்களில் இறந்துபோனார்.

அன்று லம்பாவை ஹெல்மெட் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் அங்கே இல்லை. அது அவர் இஷ்டம் என்று விடப்பட்டது. தலைக்காயத்தில் உலக கிரிக்கெட் பிறகு மாறியது. 2019 ஆகஸ்ட்டில் இருந்து சர்வதேச ஆட்டங்களில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு மாற்று வீரரை இறக்கலாம். அதன் சூட்சுமம் என்னவென்றால், வெளியே போனால் அணிக்கு நஷ்டம் என்ற பயத்தை அந்த விதி எடுத்துவிட்டது. வீரரின் மனசை மாற்ற முயலவில்லை, உண்மையைச் சொல்வதற்கான விலையைக் குறைத்தது. பள்ளி, லீக் மட்டத்துக்கும் கடன் வாங்க வேண்டிய யோசனை இதுதான். காயத்தால் விலகுபவரின் இடம் குறிப்பிட்ட காலத்துக்கு அவருக்கே என்று ஒரு அகாடமி எழுதிக் கொடுத்தால், அங்கே எத்தனை பையன்கள் திடீரென்று முதுகுவலியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள் என்று பாருங்கள்.

திரும்பி வருவதற்கும் இதே கதை. ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த 2016 ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் சுமார் பாதியாகக் குறைந்தது. ‘ஆறு மாசம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கு’ என்று இறங்குபவரை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவது அவசரம்தான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலை ஓடும் மாரத்தான் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் ரன்னர்ஸ் குழுக்களில் சகஜமாக இருக்கிறது. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயம் உண்டு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதோடு, நிறுத்தச் சொல்லும் ஒரே மணியையும் அணைத்துவிட்டு ஓடுவது மாதிரி அது.

எந்த வலி சாதா, எந்த வலி ஆபத்து? பயிற்சிக்கு மறுநாள் இரண்டு பக்கமும் சமமாக, தொட்டால் வலிக்கும் தசைவலி இரண்டு மூணு நாளில் போயிடும். ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்ட முடிகிற எலும்பு வலி, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டு வீங்குவது, கால் நழுவுவது, பந்து போடும்போது கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்துவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கணும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருப்பது போன்ற விளையாட்டு மருத்துவப் பிரிவுகள் சென்னையில் உண்டு. தெருமுனை ‘சுளுக்கு எடுப்பவரிடம்’ போய் உருவி விட்டுவிட்டு அடுத்த நாள் மேட்ச் ஆடுவது தீர்வாகாது.

ஏப்ரல் வந்தால் சம்மர் கேம்ப் போர்டுகள் மயிலாப்பூர், அடையாறு பூரா முளைத்துவிடும். வருஷம் முழுக்க டியூஷனில் உட்கார்ந்த பிள்ளை, பரீட்சை முடிந்த மறுநாளே தினம் மூணு மணி நேரம் வெயிலில் நிற்கப்போகிறது. உடம்பைப் பழக்காமல் ஒரே வாரத்தில் சுமையை இப்படி ஏற்றினால் காயம் வர வேற காரணமே தேவையில்லை. ஃபீஸ் கட்டும் முன்னால் கோச்சிடம் மூணு கேள்வி கேட்கலாம். முதல் வாரம் எவ்வளவு நேரம், எந்த நேரம்? பந்து எண்ணிக்கையை யார் எழுதி வைப்பாங்க? என் பிள்ளை வலிக்குதுன்னு சொல்லி ஒரு வாரம் உட்கார்ந்தா, திரும்பி வரும்போது டீம்ல இடம் இருக்குமா? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். மூணாவதைக் கேட்கும்போது பிள்ளையையும் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்; பதிலை அவனும் அவளும் கேட்கட்டும்.